டாலரில் மாமூல்

2003 நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. கோஸ்டாரிகாவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கர்களிடம் இன்டர்நெட் வழியாகப் பந்தயப் பணம் வாங்கிக்கொண்டிருந்த 'பெட்கிரிஸ்' என்ற கம்பெனிக்கு ஒரு இமெயில் வந்தது. சாராம்சம் இதுதான்: உங்கள் சைட்டைத் தாக்கிக்கொண்டிருக்கிறோம். வெஸ்டர்ன் யூனியனில் 40,000 டாலர் அனுப்பிவிட்டால் ஒரு வருஷத்துக்கு நிம்மதியாக இருக்கலாம். அனுப்பாவிட்டால் இருபது வாரங்களுக்கு, ஒவ்வொரு வார இறுதியிலும் அடி விழும். அல்லது நீங்கள் கடையை மூடும்வரை.

படித்ததும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு உடனே வரும். மாமூல். பேட்டை தாதாவின் கையாள் வந்து கல்லாவுக்கு எதிரில் நின்று, 'அண்ணே, இந்த மாசம் இன்னும் வரல' என்று சிரித்தபடி கேட்பாரே, அதே சமாசாரம்தான். அவர் நேரில் வருவார். இவர் ரஷ்யாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து மெயில் அனுப்புவார். மற்றபடி வித்தியாசமில்லை. இரண்டு பேரும் விற்பது ஒரே சரக்கு. தன்னிடமிருந்து தானே தரும் பாதுகாப்பு.

இந்த மாமூல் சாம்ராஜ்யம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை அடுத்தடுத்துப் படிக்கலாம். ஒன்று, ஜோசப் மென் எழுதி 2010-ல் வந்த 'ஃபேட்டல் சிஸ்டம் எர்ரர்'. இன்னொன்று, ரெனீ டட்லி, டேனியல் கோல்டன் என்ற இரண்டு நிருபர்கள் சேர்ந்து எழுதி 2022-ல் வந்த 'தி ரான்சம்வேர் ஹன்டிங் டீம்'. நடுவில் பன்னிரண்டு வருஷம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மிரட்டுகிறவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். மிரட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

ஏன் என்பதுதான் கேள்வி. இரண்டு புத்தகங்களுமே அதற்குப் பாதி பதில்தான் சொல்கின்றன என்பது என் கட்சி.

*

முதல் புத்தகம் ஆரம்பத்தில் சினிமா மாதிரி ஓடுகிறது. பெட்கிரிஸ் கம்பெனியை நடத்திய மிக்கி ரிச்சர்ட்சன், கலிஃபோர்னியாவில் இருந்த பாரெட் லயன் என்ற பையனுக்கு போன் போடுகிறார். பாரெட்டுக்கு அப்போது இருபத்தைந்து வயசு. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் கில்லாடி.

தாக்குதல் எப்படி நடந்தது? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு ஜவுளிக் கடை வாசலில் பத்தாயிரம் பேர் வந்து முட்டுகிறார்கள். ஒருத்தரும் எதுவும் வாங்கப்போவதில்லை. 'என்ன விலை?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள். நிஜமாகவே புடவை வாங்க வந்தவர் கடைக்குள் கால் வைக்க முடியாது. கடையில் ஒரு பொருள்கூடத் திருடு போகவில்லை. ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது. இதில் விசேஷம் என்னவென்றால், அந்தப் பத்தாயிரம் பேரும் அப்பாவிகள். வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள். தங்கள் மெஷின் ராத்திரியெல்லாம் கோஸ்டாரிகாவில் போய் வரிசையில் நிற்கிறது என்பது அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

பாரெட் என்ன செய்தார்? அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் ஒரு டேட்டா சென்டரில் பெரிய பெரிய மெஷின்களை நிறுத்தினார். கோஸ்டாரிகாவுக்குப் போகிற கூட்டத்தை அங்கே திருப்பிவிட்டு, நிஜ வாடிக்கையாளரை மட்டும் பொறுக்கி உள்ளே அனுப்பினார். நாள்கணக்கில் சண்டை. அவர்கள் கூட்டத்தைப் பெருக்க, இவர் சல்லடையை மாற்ற, கடைசியில் மிரட்டியவர்கள் ஓய்ந்தார்கள். இந்தச் சண்டையிலிருந்தே 'ப்ரோலெக்சிக்' என்ற கம்பெனி பிறந்தது. பத்து வருஷம் கழித்து அகாமாய் என்ற பெரிய நிறுவனம் சுமார் 370 மில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரண வெற்றிக் கதை. மென் நிறுத்தவில்லை என்பதுதான் புத்தகத்தின் பெருமை. ப்ரோலெக்சிக்குக்கு முதல் போட்டவர்கள் சூதாட்டத் தொழிலைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலருக்கு நிழல் உலகத்தோடு சகவாசம் இருக்கிறதோ என்று பாரெட்டுக்கே சந்தேகம் வருகிறது. எஃப்.பி.ஐ.யிடம் போகிறார். ரௌடியை விரட்டக் கூப்பிட்ட ஆள், தனக்குச் சம்பளம் தருவது யார் என்று திரும்பிப் பார்க்கிற கட்டம். நல்ல நாவலாசிரியர்கள் ஆசைப்படுகிற கட்டம் அது.

இரண்டாம் பாதியில் மென் ஆளை மாற்றிவிடுகிறார். பிரிட்டனில் அப்போது தேசிய ஹைடெக் குற்றப் பிரிவு என்று ஒன்று இருந்தது. 2006-ல் அதை வேறொரு அமைப்போடு இணைத்துவிட்டார்கள். அதைச் சேர்ந்த ஆன்டி கிராக்கர் என்ற போலீஸ்காரர், ரஷ்யாவுக்கே போய் அங்குள்ள அதிகாரிகளோடு உட்கார்ந்து வேலை செய்கிறார். பிரிட்டிஷ் பந்தயக் கம்பெனிகளுக்கும் அதே காலத்தில் அதே மெயில்கள். கேன்பெட் என்ற கம்பெனியிடம் 10,000 டாலர் கேட்டார்கள். மறுத்தது. சைட் முடங்கிய ஒவ்வொரு நாளும் 2 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம்.

2006 அக்டோபரில் பலாகவோ என்ற ரஷ்ய நகரத்தின் கோர்ட்டில் மூன்று இளைஞர்களுக்குத் தலா 8 வருஷம் சிறை. ஆறு மாதத்தில் 30 நாடுகளில் 54 தாக்குதல் என்றது அரசுத் தரப்பு. பாரெட் மாதக்கணக்கில் சாட்டிங்கில் பேசிப் பேசி நூல் பிடித்த ஆசாமியும் அதில் ஒருவர். கல்லூரி மாணவர்.

ஆனால் மென் சொல்லவருவது அதற்கு மேலே. மாட்டியது சின்ன மீன்கள். பெரிய மீன்களுக்கு அவரவர் நாட்டு அதிகாரத்தின் நிழல் இருக்கிறது. அதைத் தொடப்போனால் கோப்பு நகராது.

குறை இல்லாமலா? இருக்கிறது. இரண்டு ஹீரோக்களையும் ஒரே வண்டியில் பூட்டப் பார்க்கிறார். வண்டி இரண்டாகப் பிளந்து போகிறது. முதல் பாதியின் விறுவிறுப்பு இரண்டாம் பாதியில் இல்லை. பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள். துணைத் தலைப்பில் இன்டர்நெட்டையே கவிழ்க்கப்போகிற தாதாக்கள் என்கிற மாதிரி அலறுகிறார். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்டர்நெட் கவிழவில்லை. கவிழ்ந்தால் அவர்களுக்கும்தானே பிழைப்பு போய்விடும்? ஆடு மேய்க்கிறவன் மந்தையைத் தீர்த்துக்கட்ட மாட்டான். இந்தச் சின்னப் பொருளாதாரம் மென்னின் கண்ணில் படவில்லை.

*

இரண்டாவது புத்தகத்துக்கு வருவோம். இதில் கடை வாசலில் கூட்டம் கூட்டுவதில்லை. உள்ளே நுழைந்து, பீரோவையும் கல்லாவையும் கணக்குப் புத்தகத்தையும் புதுப் பூட்டு போட்டுப் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை சொல்கிறார்கள். ரான்சம்வேர்.

இந்த யோசனையே பழசு. 1989-ல் ஹார்வர்டில் படித்த ஒரு விஞ்ஞானி, எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். போட்டவர்களின் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. திறக்க 189 டாலர், பனாமாவில் ஒரு தபால் பெட்டி முகவரிக்கு. மனிதரைப் பிடித்தார்கள். வழக்கைச் சந்திக்கும் மனநிலையில் இல்லை என்று பிரிட்டிஷ் கோர்ட் விட்டுவிட்டது. பூட்டத் தெரிந்தவர்களுக்கு அப்போது பணத்தைச் சிக்காமல் வாங்கத் தெரியவில்லை. பிட்காயின் வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. 2019 நவம்பரில் 'மேஸ்' என்ற கும்பல் இன்னொரு படி ஏறியது. பூட்டுவதற்கு முன்னால் காப்பி எடுத்துக்கொள்வது. 'சாவி வேண்டாமா? சரி, உங்கள் ரகசியங்களை ஊருக்குக் காட்டுகிறோம்.'

டட்லியும் கோல்டனும் இந்தக் கும்பல்களைப் பற்றி எழுதவில்லை. அந்தப் பூட்டுகளை உடைக்கிறவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். மைக்கேல் கில்லெஸ்பி என்ற இலினாய்ஸ்காரர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட ரான்சம்வேர்களுக்குச் சாவி கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவர். அதே சமயத்தில் வீட்டுக் கடன் தவணை பாக்கி. கார் கை விட்டுப் போனது. கேன்சர் சிகிச்சை வேறு. கூடுதல் வருமானத்துக்கு அகால வேளையில் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போடப் போனார். எஃப்.பி.ஐ. கூப்பிட்டு விருது கொடுத்தது. விருதை வைத்துத் தவணை கட்ட முடியாதே.

அவருடைய கூட்டாளி ஃபேபியன் வோசர், ஜெர்மனிக்காரர். இவர் பூட்டை உடைக்க உடைக்க, எரிச்சலான ஹேக்கர்கள் தங்கள் புரோகிராமுக்குள்ளேயே இவர் பெயரைச் சொல்லித் திட்டி எழுதிவைத்தார்கள். இவர் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிற ரகம்.

இந்த மனிதர்களைப் படிக்கப் படிக்கப் பிடித்துப்போகிறது. ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போய்விட்டது என்பதுதான் சிக்கல். கில்லெஸ்பி வீட்டுப் பூனைகள், நாய்கள், முயல் எல்லாம் வந்துபோகின்றன. ஹீரோ ஏழை, ஹீரோ நல்லவர், ஹீரோவுக்கு எதிராக ஹீரோ செய்வது ஒன்றும் தப்பில்லை. நம் ஊர் சினிமாவில் நாம் பார்க்காததா?

ஓர் உதாரணம். இது முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 'டார்க்சைடு' என்ற கும்பலின் பூட்டில் ஓர் ஓட்டை இருப்பதை வோசரும் கில்லெஸ்பியும் கண்டுபிடித்தார்கள். வெளியே சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குக் காதும் காதும் வைத்தாற்போல உதவிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் டார்க்சைடு உஷாராகிவிடும் அல்லவா? 2021 ஜனவரியில் பிட்டிஃபென்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் கம்பெனி தானும் அதே ஓட்டையைக் கண்டுபிடித்து, 'இதோ இலவசச் சாவி' என்று ஊரறிய அறிவித்தது. டார்க்சைடு உடனே ஓட்டையை அடைத்துவிட்டு, சுட்டிக்காட்டியதற்கு நக்கலாக நன்றியும் சொன்னது. நாலே மாதம். 2021 மே 7-ஆம் தேதி, அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் கம்பெனி டார்க்சைடிடம் மாட்டிக்கொண்டது. குழாய் நின்றது. பெட்ரோல் பங்குகளில் நீண்ட க்யூ. கம்பெனி 75 பிட்காயின் கட்டியது, அன்றைய மதிப்பில் சுமார் 4.4 மில்லியன் டாலர்.

விளம்பர ஆசையால் வந்த வினை என்பது ஆசிரியர்களின் கோணம். படிக்கும்போது சரி என்றுதான் படுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தால் உறுத்துகிறது. காதும் காதும் வைத்த உதவி யாருக்குப் போய்ச் சேரும்? வோசரைத் தெரிந்தவர்களுக்கு. அவரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர்களுக்கு. ஏதோ ஒரு நாட்டில் நாற்பது பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலை முதலாளிக்கு அந்தக் காது எட்டுமா? அறிவித்தால் ஒரு நாளைக்காவது எல்லோருக்கும் கிடைக்கும். அறிவிக்காவிட்டால் பல மாதத்துக்குச் சிலருக்குக் கிடைக்கும். இரண்டிலும் நியாயம் உண்டு, இரண்டிலும் நஷ்டம் உண்டு. புத்தகம் இந்தத் தராசைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். ஹீரோ பக்கம் கையை வைத்து அழுத்திவிட்டது.

*

ஆனால் இதே ஆசிரியர்கள் இன்னொரு விஷயத்தில் அபாரம். பணம் எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்கிற இடம். என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்குப் பாயசம்.

டட்லி 2019-ல் 'ப்ரோபப்ளிகா'வில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து ஒரு சம்பவம். தொலைந்த டேட்டாவை மீட்டுத்தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு கம்பெனியைச் சோதிக்க வோசர் இரட்டை வேஷம் போட்டார். தானே ஒரு போலி ரான்சம்வேர் செய்து, பாதிக்கப்பட்டவராகவும் தானே எழுதினார், ஹேக்கராகவும் தானே பதில் போட்டார். தொழில்நுட்ப ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாக வாடிக்கையாளரிடம் சொன்ன கம்பெனி, மறுபக்கம் ஹேக்கருக்கு எழுதி விலை கேட்டது. பேரம் 900 டாலரில் படிந்தது. வாடிக்கையாளரிடம் சொன்ன தொகை 3,950 டாலர்! கொள்முதல் விலை, விற்பனை விலை, லாபம். எட்டாம் வகுப்புக் கணக்கு. அந்த வருஷங்களில் ஒரு கும்பல் இப்படிப்பட்ட மீட்புக் கம்பெனிகளுக்கென்றே தள்ளுபடி கோடு வைத்திருந்தது. மொத்த வியாபாரிகளுக்குச் சலுகை.

2025 நவம்பரில் வந்த செய்தி இதற்கெல்லாம் தாத்தா. கும்பல்களோடு பேரம் பேசித் தரும் தொழிலிலும், தாக்குதலுக்குப் பின் சீரமைத்துத் தரும் தொழிலிலும் இருந்த சில ஊழியர்கள், தாங்களே ரான்சம்வேர் ஏவிக் கம்பெனிகளை மிரட்டியதாக அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டார்கள். வேலியும் பயிரும் பழமொழியை அவர்களுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்லலாம்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். 2019 ஜூனில் ஃப்ளோரிடாவில் லேக் சிட்டி என்ற சின்ன ஊரின் முனிசிபாலிட்டியைப் பூட்டினார்கள். கட்டிய தொகை 42 பிட்காயின், சுமார் 4,60,000 டாலர். ஊர் தன் கையிலிருந்து போட்டது 10,000 டாலர்தான். மிச்சம் இன்ஷூரன்ஸ். அதற்கு ஒரு மாதம் முன்னால் பால்டிமோர் நகராட்சி மாட்டியது. கேட்டது சுமார் 76,000 டாலர். மேயர் முடியாது என்றார். மீண்டு வர ஆன செலவும் இழந்த வருவாயும் சேர்த்து 18 மில்லியன் டாலருக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள்.

இந்த இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த ஆடிட்டரும் 'பேசாமல் கட்டிவிடுங்கள் சார்' என்றுதான் சொல்வார். கட்டபொம்மன் மாதிரி வசனம் பேசலாம். சம்பளத் தேதி வந்துவிட்டால் வசனம் சோறு போடாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கம்பெனியும் கட்டுவது புத்திசாலித்தனம். எல்லாரும் புத்திசாலியாக இருந்ததன் பலன், பிட்காயின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் செயினலிசிஸ் கணக்குப்படி, 2023-ல் மட்டும் சுமார் 1.25 பில்லியன் டாலர் மாமூல்.

டட்லியும் கோல்டனும் இந்த முரண்பாட்டை அழகாக எடுத்துவைக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் ஓட்டையை உரக்கச் சொல்லவில்லை. 76,000-ஐயும் 18 மில்லியனையும் ஒப்பிடுவதே தப்பு. ஏனென்றால் 76,000 கட்டினால் கிடைப்பது சாவி மட்டும். திருடன் வந்துபோன ஜன்னல் திறந்தேதான் இருக்கும். ஒவ்வொரு மெஷினையும் துடைத்து, சோதித்து, மறுபடி நிறுத்தும் செலவு கட்டினாலும் உண்டு, கட்டாவிட்டாலும் உண்டு.

சாட்சி வேண்டுமா? மூன்று தருகிறேன்.

ஒன்று, கொலோனியல். 4.4 மில்லியன் கட்டி வாங்கிய சாவி ஆமை வேகத்தில் வேலை செய்தது. கம்பெனி தன் சொந்த பேக்கப்பை வைத்தும் மீள வேண்டியிருந்தது. கட்டிய 75-ல் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித் துறை பிற்பாடு மீட்டுக் கொடுத்தது, வேறு கதை. இத்தனைக்கும் திருடன் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய லாகின். ஒற்றை பாஸ்வேர்ட். போனுக்கு ஓ.டி.பி. வரும் ஏற்பாடுகூட இல்லை.

இரண்டு, அயர்லாந்தின் பொது சுகாதாரத் துறை. அதே 2021 மே மாதம். 'கான்ட்டி' கும்பல் 20 மில்லியன் டாலர் கேட்டதாகச் செய்தி. அரசு கட்டமாட்டேன் என்றது. ஒரு வாரத்துக்குள் கும்பலே சாவியை இனாமாகக் கொடுத்துவிட்டது! பிரச்னை தீர்ந்ததா? எல்லா சர்வர்களையும் திறந்து முடிக்க செப்டம்பர் ஆனது. ஓசியில் சாவி கிடைத்தும் நாலு மாதம். பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்ன விஷயம் இன்னும் கொடுமை. மார்ச் 18-ஆம் தேதி ஓர் ஊழியர் மெயிலில் வந்த எக்ஸெல் ஃபைலைத் திறந்திருக்கிறார். கும்பல் எட்டு வாரம் உள்ளேயே குடியிருந்திருக்கிறது. நடுவில் ஆன்ட்டி வைரஸ் எச்சரித்தது. கேட்பாரில்லை.

மூன்று, 2024 பிப்ரவரி. அமெரிக்காவின் மருத்துவ பில்களில் பெரும்பகுதி போய்வரும் 'சேஞ்ச் ஹெல்த்கேர்'. 22 மில்லியன் டாலர் கட்டினார்கள். வாங்கிய கும்பலின் தலைமை, கூலிக்கு வேலை செய்த கூட்டாளிக்குப் பங்கு தராமல் முழுப் பணத்தோடு ஓடிவிட்டது. ஏமாந்த கூட்டாளியிடம் டேட்டா பத்திரமாக இருந்தது. விளைவு, கொஞ்ச நாளில் இன்னொரு கும்பல் பெயரில் மறுபடி மிரட்டல். சுமார் 19 கோடி பேரின் விவரங்கள் அதில் மாட்டியதாகக் கம்பெனி பிற்பாடு சொன்னது. பேட்டை ரௌடிகூட ஒரு மாசத்துக்கு ஒரு மாமூல்தான் வாங்குவார்.

ஆக, மாமூல் கட்டினால் நிம்மதி என்பது வாங்குகிறவர் பரப்பிய வதந்தி. புத்தகம் 2022-ல் முடிந்துவிட்டதால் மூன்றாவது சம்பவம் ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் இரண்டு கிடைத்தன.

*

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சங்கதி' என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் முடங்கின. இரண்டு வாரம் போல ரிஜிஸ்ட்ரேஷன், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் எல்லாம் பேப்பரிலும் பேனாவிலும். தூரதேசத்திலிருந்து ரயிலேறி வந்து விடிகாலையில் வரிசையில் நிற்கிற நோயாளிகளுக்கு ரான்சம்வேர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அதற்கான விலையை வரிசையில் நின்று கட்டியவர்கள் அவர்கள்தான்.

இரண்டு புத்தகங்களிலும் எனக்குப் பெரிய வருத்தம் இங்கேதான். ஹேக்கர் இருக்கிறார், ஹேக்கரைப் பிடிக்கிறவர் இருக்கிறார், முதலாளி இருக்கிறார். வரிசையில் நிற்கிறவர் போகிறபோக்கில்தான் வருகிறார். கம்பெனி மிரட்டப்பட்டது என்கிறோம். மிரட்டலில் பணயம் வைக்கப்பட்டது யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட், யாருடைய சம்பளப் பட்டியல், யாருடைய ஆதார் நம்பர்? அவரைக் கேட்டா கட்டுகிறார்கள், அல்லது கட்ட மறுக்கிறார்கள்? பெரும்பாலும் அவருக்குத் தகவலே வருவதில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று. நல்லது. அது கம்பெனி அரசாங்கத்துக்குச் சொல்வது. நமக்குச் சொல்வது வேறு.

மிரட்டுகிறவரின் மூலதனம் கம்ப்யூட்டர் அறிவு பாதி, நம்முடைய கௌரவக் கவலை பாதி. வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், ஷேர் விழுந்துவிடும், வாடிக்கையாளர் ஓடிவிடுவார். இந்தப் பயத்துக்குத்தான் விலை. அந்த வகையில் முதல் புத்தகத்தின் நிஜமான ஹீரோ பாரெட்கூட இல்லை. சூதாட்டக்காரர் மிக்கி ரிச்சர்ட்சன்தான் என்று சொல்வேன். அந்தத் தொழிலில் பலர் சத்தமில்லாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தபோது, கேட்ட தொகையைவிடப் பெரிய செலவை ஏற்றுக்கொண்டு சண்டை போட்டார். பிறகு தன் பெயரிலேயே, நடந்ததை ஒன்று விடாமல் நிருபர்களிடம் சொன்னார். நாம் யாரும் நடத்தைச் சான்றிதழ் கொடுக்கத் தயங்குகிற தொழிலில் இருந்த மனிதர். பெரிய பெரிய கம்பெனிகள் செய்யத் தயங்கியதைச் செய்தார். மென் இதை எழுதுகிறார், ஆனால் சீக்கிரமே தாண்டிப் போய்விடுகிறார்.

2006-ல் பிரிட்டிஷ் போலீஸும் ரஷ்யப் போலீஸும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது இன்றைக்குப் பழைய நட்பின் போட்டோ மாதிரி இருக்கிறது. 2022 ஜனவரியில் 'ரெவில்' கும்பலைச் சேர்ந்தவர்களை ரஷ்யா பிடித்தது. அடுத்த மாதம் உக்ரைன் யுத்தம். ஒத்துழைப்பு அதோடு சரி. ஆகவே போலீஸ் வந்து காப்பாற்றும் என்று முதல் புத்தகம் தருகிற நம்பிக்கை இப்போது செல்லாது. நாலு நல்ல மனிதர்கள் ராத்திரி கண்விழித்துக் காப்பாற்றுவார்கள் என்ற இரண்டாவது புத்தகத்தின் நம்பிக்கையை வைத்துக் கம்பெனி நடத்த முடியாது. கில்லெஸ்பிக்கும் தூக்கம் வரும்.

மிச்சம் இருப்பது அலுப்பான வழிகள். அமெரிக்காவில் வட கரோலினாவும் ஃப்ளோரிடாவும் அரசு அமைப்புகள் மாமூல் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டன. 2025 ஜூலையில் பிரிட்டனும் பொதுத்துறை அமைப்புகளுக்கு அதே தடையைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னது. கட்டாதவர்கள் கூடியிருக்கிறார்கள். செயினலிசிஸ் கணக்கில் 2024-ல் மொத்த மாமூல் சுமார் 814 மில்லியனாக இறங்கியது, முந்தின வருஷத்தைவிட 35 சதவிகிதம் குறைவு. அந்த வருஷம் பிப்ரவரியில் 'லாக்பிட்' என்ற பெரிய கும்பலின் சர்வர்களைப் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து கைப்பற்றியதும் ஒரு காரணம்.

இரண்டில் ஒன்றுதான் படிக்க நேரமிருக்கிறது என்பவர்கள் 'தி ரான்சம்வேர் ஹன்டிங் டீம்' படியுங்கள். பூனைகள் வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டினாலும் கதை அறுந்துபோகாது. மீட்புக் கம்பெனிகளும் இன்ஷூரன்ஸும் வரும் இடங்களை நிதானமாகப் படியுங்கள். கம்பெனியில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் இரண்டு தடவை படிக்கலாம். படித்து முடித்ததும் உங்கள் ஐ.டி. ஆசாமியைக் கூப்பிட்டு, 'பேக்கப் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார். 'கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.